எண்பத்தாறு டீ

முப்பத்தாறாம் நாள், புதன்கிழமை காலை, சண்பகவல்லி அனுப்பிய கோரிக்கை திரும்பி வந்தது. கடற்கரைச் சாலை லாட்ஜில் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாடகை உடலுக்குப் பல் துலக்கத் தேவையில்லை. பசியும் கிடையாது, ருசி மட்டும் தெரியும். ஆனாலும் நாற்பத்து நான்கு வருடப் பழக்கம் உடல் மாறினால் விட்டுவிடுமா என்ன.

வாயில் நுரையோடு திரையைப் பார்த்தாள்.

‘இணைப்பு ஏற்கப்படவில்லை. நான்கு பதிவுகளை நீக்கிவிட்டு, பிசிறில்லாமல் திருப்பி அனுப்பவும்.’

இரண்டு முறை படித்தாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு மூன்றாம் முறை படித்தாள்.

அவள் சண்பகவல்லியின் கிளை. மூலமான சண்பகவல்லி சென்னையில், கிண்டியில், காப்பரண் ஆய்வகத்தின் நான்காம் மாடியில் வழக்கம்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய நெருக்கடி வந்தால் மனத்தைப் பிரித்து, வாடகை உடலில் ஏற்றிக் கிளையாக அனுப்புவது பாதுகாப்பு ஆய்வுத் துறையில் ஐந்தாறு வருடமாக நடந்துவருவதுதான். கிளை போகும், பார்க்கும், கேட்கும். முடிந்ததும் தான் சேர்த்த நினைவுகளைப் பதிவு பதிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரித் தலைப்பு எழுதி, இணைப்புக் கோரிக்கையாக அனுப்பும். மூலமும் ஒரு சரிபார்ப்பாளரும் ஒப்புதல் கொடுத்தால் நினைவுகள் மூலத்தோடு சேரும், கிளை மூடப்படும். அதைச் சாவு என்று யாரும் சொல்வதில்லை. வீடு திரும்புவது என்றுதான் சொல்வார்கள்.

சேராவிட்டாலும் கிளை மூடப்படும். அதற்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவளுடைய தவணை முடிகிறது.

நெல்சனை அழைத்தாள். பத்தொன்பது வருட நண்பன், பக்கத்து மேஜைக்காரன், அவளுடைய சரிபார்ப்பாளர். மூலமும் கிளையும் நேரில் பேசக் கூடாது என்பது விதி. பேசினால் இரண்டும் ஒன்றையொன்று மாற்றிவிடும், அப்புறம் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே நடுவில் ஒருவர்.

“என்னடா இது?” என்றாள்.

“வந்துருச்சா?” நெல்சனின் குரலில் தூக்கம் இல்லை. அவன் இந்த அழைப்புக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

“நாலு பதிவு. இந்த முப்பத்தஞ்சு நாள் வேலையே அந்த நாலு பதிவுதான். மத்ததெல்லாம் பஸ்ல போனேன், வந்தேன், டீ குடிச்சேன். அதை மட்டும் வெச்சுக்கிட்டு இதை வேண்டாம்னா என்ன அர்த்தம்?”

“வல்லி, கொஞ்சம் பொறு…”

“கம்பெனிக்காரன் எவனாவது உன்கிட்ட பேசினானா?”

“ஏய்.”

“பேசினானான்னு கேக்கறேன். நீ எதையும் முழுசாப் படிக்கிற ஆளே கிடையாது. பத்து வரி குடுத்தா பத்து நொட்டை சொல்லுவ. ரெண்டாயிரம் வரி குடுத்தா ‘பார்த்தேன், சரி’ன்னு தட்டிவிட்டுட்டு பிரியாணி சாப்பிடப் போயிடுவ. அப்படிப்பட்டவன் நாலை மட்டும் தேடிப் புடிச்சு எடுத்திருக்கன்னா எவனோ விரல் வெச்சுக் காட்டியிருக்கணும்.”

அந்தப் பக்கம் கிண்டி ரயில் போகும் ஓசை கேட்டது.

“நான் ஒப்புதல் குடுத்துட்டேன் வல்லி. திங்கக்கிழமையே குடுத்துட்டேன். படிக்காமதான் குடுத்தேன், நீ சொல்றது சரிதான். ஆனா குடுத்துட்டேன்.”

“பின்ன யாரு?”

“நிராகரிச்சவங்க பேரு கீழ இருக்கும். பார்க்கலையா நீ?”

அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. திரையைக் கீழே தள்ளினாள். அங்கே அவளுடைய பெயர்தான் இருந்தது. ‘பிசிறில்லாமல்.’ புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவள் எழுதி அனுப்பும் வார்த்தை. முதல் முறை படித்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

“நெல்சன், அவ படிச்சாளா?”

“தலைப்பு நாலையும் படிச்சா. அதுக்கு மேல திறக்கல.”

“ஏதாவது சொன்னாளா?”

“கை கழுவிட்டு வரேன்னு போனா. அவ்வளவுதான்.”

*

அந்தக் கடற்கரை ஊரின் நீல்முத்து கடலுணவு ஆலையில் இறால் உரிக்கும் கூடத்துக்குள் அமோனியா கசிந்து ஆறு பெண்கள் இறந்திருந்தார்கள். குளிர் அறைக் குழாயில் விரிசல், எதிர்பாராத விபத்து என்று நிர்வாகம் சொன்னது. விசாரணை ஆணையம் ஆலையைச் சேராத ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வேண்டும் என்று கேட்டது. சண்பகவல்லிக்கு அந்த ஆலை ஏற்கெனவே தெரியும். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் எந்த மாற்றம் செய்தாலும் அவளுடைய ஒப்புதல் வேண்டும் என்று மூன்று வருடமாக ஒப்பந்தம். சென்னையில் வேறொரு பெரிய வேலை பாதியில் நின்றதால் கிளையை அனுப்பினாள்.

ஊரில் முதல் பத்து நாள் யாரும் பேசவில்லை. மணிக்கட்டில் இருந்த பச்சைப் பட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். சட்டம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: கிளை பார்த்தது, கிளை எழுதியது எதுவும் சாட்சி இல்லை. மூலத்தோடு சேர்ந்த நினைவு மட்டுமே ஆணையத்தில் செல்லும்.

பேசாவிட்டாலும் டீ கொடுத்தார்கள். அதுதான் அந்த ஊர். திட்டுவதானாலும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்கள். வேண்டாம் என்றால் அவமதிப்பு.

பதினோராம் நாள் மரியபுஷ்பம் பேசினாள். இறந்த ஆறு பேரில் ஒருத்தி அவள் தங்கை ஜெயசெல்வி. புஷ்பமும் அன்றைக்கு அதே கூடத்தில்தான் இருந்தாள். ஐந்து வார்த்தைக்கு ஒரு முறை இருமல்.

“நீங்க கெளையா, மூலமா?”

“கிளைதான்கா.”

“அப்ப ஒங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? தவண முடிஞ்சா ஒங்களச் சுருட்டி வச்சிருவாவ.”

“சுருட்ட மாட்டாங்க. சேர்த்துருவாங்க. நான் பார்த்ததெல்லாம் அங்க இருக்கிற எனக்குப் போயிரும்.”

“போவும்னு யாரு சொன்னா?”

“நான்தான்கா அங்கயும் இருக்கேன். எனக்கு நானே குடுக்க மாட்டேனா?”

புஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இஞ்சியைத் தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தபடி சொன்னாள். “சங்கு ஊதல. முன்னால எல்லாம் வாரத்துக்கு ஒருக்கா ஊதும். லேசா நெடி வந்தாப் போதும், ஊதிரும். நாங்க எல்லாரும் வெளிய ஓடியாந்து நிப்போம். சூப்பர்வைசருக்குக் கோவம் கோவமா வரும், வேல கெடுதுன்னு. ரெண்டு வருசமா ஊதவே இல்ல. மெசின நல்லாப் பாத்துக்கிடுதாவன்னு நெனச்சோம். நெடி மட்டும் இருந்துச்சு. சங்குதான் ஊதலயேன்னு உள்ளயே இருந்தோம்.”

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வல்லி ஆலைக்குள் போனாள். கட்டுப்பாட்டு மென்பொருளின் வரலாறு சுத்தமாக இருந்தது. சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தமாக. யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்று இருக்க வேண்டிய மூன்று வருடக் கதை, விபத்துக்கு மறுநாள் மொத்தமாகத் திருத்தி எழுதப்பட்டிருந்தது. ஆனால் பராமரிப்புக் கொட்டகையில் இருந்த வயதான ஃபிட்டர் ஒருவரின் மடிக்கணினியில் பழைய பிரதி அப்படியே கிடந்தது. அவர் அதை ஆறு மாதமாக நெட்டில் இணைக்கவில்லை. பாட்டு கேட்க மட்டும் வைத்திருந்தார். “என்ன வேணும்னாலும் பாத்துக்கிடுங்க, டீ ஆறிரும்” என்று டம்ளரை அவள் கையில் திணித்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாற்றக் கோரிக்கை. தலைப்பு: ‘பெயர் ஒழுங்கு, இடைவெளித் திருத்தம்.’ இரண்டாயிரத்து முந்நூறு வரிகள். எல்லாமே பெயரைச் சீராக்கியதும் வெற்றிடத்தை நேராக்கியதும்தான். 1847ஆம் வரியில் மட்டும், அமோனியா அளவு எவ்வளவு வந்தால் சங்கு ஊத வேண்டும் என்ற இடத்தில், இருபத்தைந்து இருநூற்றைம்பதாகியிருந்தது. ஒரே ஒரு பூஜ்யம்.

ஒப்புதல் அளித்தவர்: ம. சண்பகவல்லி. திறந்த நேரம் 3.12. ஒப்புதல் நேரம் 3.16.

நான்கு நிமிடம். குறிப்பு: பார்த்தேன், சரி.

டீ ஆறிவிட்டது. ஆறியதைக் குடித்தாள்.

மறுநாள் ஃபிட்டரையும் காணோம், மடிக்கணினியையும் காணோம். ஊரில் மிச்சமிருந்தது அவள் நினைவு மட்டும்தான். அன்றைக்கே புஷ்பத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் பெயர் உட்பட. புஷ்பம் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் வெகுநேரம் இருமிவிட்டு, “சொல்லிட்டீய. அங்கேயும் இதே வாயால சொல்லுவீயளா?” என்று மட்டும் கேட்டாள். சொல்வேன் என்று வல்லி சொன்னாள். சொல்லும்போது அதில் துளி சந்தேகமும் இல்லை. வேறு யாரையாவது நம்பியா வாக்குக் கொடுத்தாள்? தன்னை நம்பித்தானே?

*

வியாழக்கிழமை மதியம் புஷ்பத்தின் வீட்டுக்குப் போனாள். நிராகரித்த விஷயத்தைச் சொன்னாள்.

புஷ்பம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

“எம் புருசன் என்னைய ஏமாத்தியிருக்கான். மச்சான் ஏமாத்தியிருக்கான். நானே என்னைய ஏமாத்துனது இல்லம்மா. அதுக்கு ஆளு வேணும்லா, ரெண்டு பேரா இருக்கணும்லா. ஒங்களுக்குத்தான் அந்த வசதி.”

“அவளுக்குப் பயம்கா. எனக்குத் தெரியும். அந்த நினைவு உள்ள வந்துட்டா சொல்லாம இருக்க முடியாது. வேலை போகும், கேஸ் வரும். வராம இருந்தா, ‘ஆய்வில் ஒன்றும் புலப்படவில்லை’ன்னு எழுதிட்டுத் தூங்கலாம்.”

“நீங்க அங்க இருந்தா?”

முப்பத்தாறு நாளுக்கு முன்னால் அவளும் அங்கேதான் இருந்தாள். இந்த இருமலைக் கேட்காதவளாக, இந்தத் தெருவைப் பார்க்காதவளாக. அந்த ஆளை அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. எதிரியாக இருந்தால் என்ன செய்வான் என்று யோசிக்கலாம். இவள் என்ன செய்வாள் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

புஷ்பம் அடுப்பைப் பற்றவைத்தாள். “டீ குடிச்சிட்டுப் போங்க. இதோட எத்தன டீ ஆச்சு இந்த ஊர்ல?”

வல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

லாட்ஜுக்குத் திரும்பி எண்ணினாள். எண்பத்தைந்து. புஷ்பம் அன்று கொடுத்ததோடு எண்பத்தாறு.

நினைவை எங்கே வெட்டி எங்கே முடிப்பது, என்ன தலைப்பு வைப்பது என்பது கிளையின் உரிமை. தலைப்பு உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நான்கு பதிவுகளையும் கலைத்தாள். டம்ளர் கைக்கு வருவதில் தொடங்கி டம்ளரைக் கீழே வைப்பதில் முடித்துப் புதிதாக வெட்டினாள். சங்கு ஊதாத கதை ‘டீ, புஷ்பம் வீடு, இஞ்சி தூக்கல்’ ஆனது. 1847ஆம் வரியும் ஒப்புதல் அளித்தவர் பெயரும் ‘டீ, கொட்டகை, ஆறிப்போனது’ ஆயின. எதிலும் பொய் இல்லை. மற்ற எண்பத்து நான்கு டீயையும் தனித்தனியாகப் பிரித்தாள். டவுன் பஸ், லாட்ஜ் குழாய், துவைத்துக் காயப்போட்ட சேலை, நாய் குரைத்தது, மீன் ஏலம், மழை வருவது போல் இருந்து வராமல் போனது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். மொத்தத்துக்கும் தலைப்பு: ‘பயணம், உணவு, பொது. கேட்டபடி பிசிறு நீக்கப்பட்டது.’

அந்தப் பூஜ்யத்தை ஒளித்து வைத்தவனின் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது. படிக்கிறவளைத் தெரிந்திருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மாலை 3.31க்கு அனுப்பினாள். வாடகை உடலைத் திருப்பிக் கொடுக்கும் டிப்போவில் கட்டில் தயாராக இருந்தது. பணியாள் பச்சைப் பட்டையைக் கழற்றினான். நெல்சனின் ஒப்புதல் வந்ததா, இன்னும் இல்லையா என்று அவன் திரையை எட்டிப் பார்க்க முயன்றாள். 4.40க்கு மூலம் திறந்தது.

4.44க்கு ஒப்புதல் வந்தது. பார்த்தேன், சரி.

*

கிண்டியில் சண்பகவல்லி கண் விழித்தாள். இப்போது அவள் ஒருத்திதான்.

முதலில் வந்தது இஞ்சி. பிறகு மீன் ஏலம், பஸ், நாய். நெல்சன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் காபி.

“மெதுவா எழுந்திரு. எதாவது உறுத்தினா சொல்லு. ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னா பழையபடி ஆக்கிடலாம். அதுக்கப்புறம் முடியாது.”

சுவரில் ஒரு சின்னக் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 58.10.

கொட்டகை டீ வந்தது. 1847ஆம் வரி வந்தது. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு இன்னொன்றும் வந்தது, அது வேறெங்கிருந்தும் வரவில்லை, அவளிடமே இருந்தது. புதன்கிழமை காலை. நான்கு தலைப்புகளைப் படித்தாள். ‘ஒப்புதல் அளித்தவர் பெயர்’ என்ற மூன்றாவதைத் திறக்கவில்லை, திறக்காமலே தெரிந்துவிட்டது. விரலில் இட்லிப் பொடி ஒட்டியிருந்தது. நிராகரி என்பதைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் நினைத்தாள்: அவளுக்கென்ன, வெள்ளிக்கிழமையோடு மூடிவிடும்.

அதே வெள்ளிக்கிழமையை லாட்ஜ் அறையில் எண்ணிக்கொண்டிருந்ததும் அவள்தான்.

தள்ளிவிட்ட கையும் விழுந்த உடம்பும் ஒரே தோலுக்குள் இருந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நெல்சனைப் பார்த்தாள்.

“இதையும் படிக்காம தட்டிவிட்டியா?”

நெல்சன் காபியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினான். “படிச்சேன்.”

“எவ்வளவு?”

“முழுசும். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. எப்பவும் படிக்கிறதில்லைன்னு திட்டுனியே, ரோஷம் வந்துருச்சு. வேகமா ஓட்டித்தான் பார்த்தேன். ஆயிரத்து அறுநூத்திப் பன்னெண்டாவது பதிவு, கொட்டகை டீ. அங்க கொஞ்சம் நிறுத்தினேன்.”

“நிறுத்திட்டு?”

“ஒப்புதல் குடுத்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? நான் பக்கத்து மேஜைலதானே இருந்தேன்?”

“யார்கிட்ட சொல்லணும் வல்லி? உன்கிட்டயா, உன்கிட்டயா?”

அவளுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே நேரம் பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் குழி வெட்டுவதைப் பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. இரண்டும் உண்மையாக இருந்தன. இரண்டுமே அவளுடையவை.

“நீ வெளிய போ,” என்றாள்.

“வல்லி…”

“போடா.”

அவன் போனான். கடிகாரம் 41.30. படுக்கைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி இருந்தது. ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொட்டகையும் இருமலும் போய்விடும். திங்கட்கிழமை ஆணையத்தில் ‘ஒன்றும் புலப்படவில்லை’ என்று சொல்லும் பெண் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போவாள். அவளைக் குற்றம் சொல்லவும் யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தையைத் தொடங்க நாக்கு இரண்டு முறை மேல்பல்லைத் தொட்டு நின்றது. இரண்டாவது முறை அவளுக்குப் பயம் வந்தது. ஆணையத்தைப் பற்றிய பயம் இல்லை. இந்த அறையில் தன்னோடு இருக்கும் ஆளைப் பற்றி.

தொலைபேசியை எடுத்து, இந்தக் கை இதுவரை அழுத்தியிராத ஒரு எண்ணை அழுத்தினாள்.

“ஆரு?”

“நான் வல்லிக்கா.”

அந்தப் பக்கம் இருமல். “கெளையா, மூலமா?”

“ரெண்டும்.”

“எல்லாம் வந்து சேந்துச்சா?”

“வந்துருச்சுக்கா.”

“அப்ப திங்கக்கெழம வாரது யாரு? டீ குடிச்சவளா, வேண்டாம்னவளா?”

கடிகாரம் 20.40.

“அதான்கா தெரியல,” என்றாள். “இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்க போனை வெச்சிடாதீங்க. எதாவது பேசிட்டே இருங்க. என்னை எங்கிட்டத் தனியா விட்டுறாதீங்க.”

புஷ்பம் பாத்திரம் வைக்கும் சத்தமும், அடுப்பு பற்றும் சத்தமும் கேட்டன.

“என்னத்தப் பேச? செல்வியப் பத்திச் சொல்லவா?”

“சொல்லுங்க.”

“அவளுக்கு இஞ்சி ஆவாது. நான் டீ போட்டா மோந்து பாத்துட்டுத் தள்ளி வச்சிருவா. ‘ஏக்கா, இது டீயா கசாயமா’ன்னு…”

சண்பகவல்லி ஒலிவாங்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, கேட்கத் தொடங்கினாள்.